அந்த 20 நிமிடங்கள்
2006 இல் ஈச்சிலம்பற்றிலிருந்து வாகரைப் பக்கம் இடம்பெயர்ந்தவர்கள் 2007 இல் திரும்பியபோது, பற்றை மண்டிய வயலைத் துப்புரவாக்க வேண்டியிருந்தது. பற்றைக்குள் பாம்பும் இருக்கும்.

பாம்பு கடித்தவரின் காலில் இறுகக் கட்டிய கயிற்றைக் கண்டால் தாதியரான எமக்கு நெஞ்சு பதறும். கட்டு இரத்த ஓட்டத்தைத் தடுத்துக் காலையே கெடுத்துவிடும். சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைப்போம். உறையாவிட்டால், விரியனின் விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டதென்று பொருள். வைத்தியர் விஷமுறிவு மருந்து ஏற்றுவார்.

“இவர் தப்பிருவாரா, மிஸ்?” என்று மனைவி கேட்பார். எமது கண்களோ குழாயிலேயே இருக்கும்.

அன்பர்களே, கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள். வழியில் தொலைந்த நேரத்தை எம்மால் மீட்டுத்தர முடியாது.