இருமல்தானே என்று இருந்துவிடாதீர்கள்!



டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் போகப் போவது கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குத்தான். ரோலிங் மில்லோ, ஃபவுண்டரியோ, எங்கே போனாலும் புகையும் தூசும் உண்டு. மோட்டாரைக் கழற்றி மாட்டத் தெரிந்த நமக்கு, நெஞ்சுக்குள் இரவும் பகலும் ஓடும் நுரையீரலைப் பற்றியும் கொஞ்சம் தெரிய வேண்டாமா?

தூசு தரும் நோய்

நம் ஒர்க்‌ஷாப் மைக்ரோமீட்டரின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ., அதாவது 10 மைக்ரான். பெரிய தூசை மூக்கும் தொண்டையும் பிடித்துக்கொள்ளும். 10 மைக்ரானுக்கும் குறைந்த பொடித் தூசுதான் உள்ளே காற்றுப்பைகள் வரை போகிறது. ஃபவுண்டரி மணலிலும் கிரஷர் தூசிலும் உள்ள சிலிக்கா அங்கே தங்கி, நுரையீரலைத் தழும்பாக்குகிறது. இதுவே சிலிகோசிஸ். இதைக் குணமாக்க மருந்தே கிடையாது. காசநோயும் சுலபமாகத் தொற்றிக்கொள்ளும். கர்ச்சீப் கட்டினால் போதாது. தூசைத் தடுக்கும் முகமூடி கேட்டு வாங்குங்கள்.

ஆஸ்துமா

இதில் மூச்சுக்குழாய்களைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது. சால்பியூட்டமால் தசையைத் தளர்த்திச் சில நிமிடங்களில் மூச்சைத் திறக்கும். புடசோனைடு போன்ற மருந்து வீக்கத்தைக் குறைக்கும். மூச்சுத் திணறல் இல்லாத நாளிலும் டாக்டர் சொன்னபடி எடுக்க வேண்டும். "இன்ஹேலர் பழகிட்டா விட முடியாது" என்று சொல்வது தவறு. சால்பியூட்டமால் மாத்திரையில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து உண்டு. இன்ஹேலரில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம்தான். நேராக நுரையீரலுக்குப் போவதால் குறைந்த அளவே போதும்.

பீடி, சிகரெட், விறகடுப்புப் புகையால் வரும் நாட்பட்ட மூச்சடைப்பு நோய்க்கும் இன்ஹேலர் உண்டு. ஆனால் கெட்டுப்போன நுரையீரல் திரும்பி வராது.

காசநோய்

1882 மார்ச் 24 அன்று ராபர்ட் காக் இதன் கிருமியை அறிவித்தார். மருந்து இல்லாத காலத்தில் நல்ல காற்றும் ஓய்வும்தான் வைத்தியம். 1928-ல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியத்தின் பெயர்தான் இன்றும் ரயில் நிலையத்துக்கு இருக்கிறது.

1956-ல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு உலகத்தையே மாற்றியது. நோயாளிகளில் பாதிப் பேருக்கு சானடோரியத்திலும், மீதிப் பேருக்கு வீட்டிலேயும் ஒரே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் அதிகமாகவில்லை. நம் திருவள்ளூர்ப் பகுதி கிராமங்களிலும் 1968-ல் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் கடும் காசநோயைத் தடுப்பதால் இன்றும் போடுகிறார்கள். ஆகவே நமக்குக் காவல், சீக்கிரம் கண்டுபிடிப்பதும் மருந்தை முடிப்பதும்தான்.

சாதாரணக் காசநோய்க்கு 6 மாதச் சிகிச்சை. முதல் 2 மாதம் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பூட்டால் என நான்கு மருந்துகள். பிறகு 4 மாதம் பைராசினமைடு தவிர்த்த மூன்று. ஒரே மருந்து கொடுத்தால் அதற்குத் தப்பிய கிருமி பெருகிவிடும் என்பதால்தான் இத்தனை. ரிஃபாம்பிசினால் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் சாகும், இருமல் நிற்கும். மெதுவாக வளர்பவை உள்ளே ஒளிந்திருக்கும். என் மாமா இங்கேதான் ஏமாந்தார். இரண்டாம் மாதம், "எனக்குத்தான் நல்லாயிடுச்சே, இன்னும் எதுக்குடா மாத்திரை?" என்றார். எங்கள் வீட்டில் மாத்திரை அட்டையைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒன்பதாவது படித்த எனக்கு, "நிறுத்தாதீங்க மாமா" என்று சொல்லத் தெரியவில்லை. ஆறு மாதத்தில் மறுபடி ரத்தம் கலந்த சளி. வேலையும் போனது. இரண்டாம் முறை அம்மாவே தினமும் தண்ணீர்ச் சொம்போடு எதிரில் நின்று விழுங்க வைத்தார். இப்போது நலம்.

நண்பர்களே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். சோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்காக அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். உங்கள் வீட்டிலும் முதலில் படிக்க வந்தவர் நீங்களாக இருக்கலாம். மாத்திரை அட்டையைப் படித்துச் சொல்லுங்கள். கடைசி மாத்திரை வரை கூடவே இருங்கள்.

– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை, ஆரணி