குரலுக்கு வழிவிடுதல்

வீட்டில் யாராவது ஒருவர் பெரிய கோப்பு ஒன்றை இணையத்தில் ஏற்றத் தொடங்கியதும், அயல்நாட்டிலுள்ள மகளோடு தாம் இணையத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் பேச்சு துண்டு துண்டாகச் சிதறிவிடுகிறது என்றும், பரிகாரமாக அதிக வேகமுள்ள திட்டத்துக்குப் பணம் கட்டியும் குறை தீரவில்லை என்றும், ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கலாமென்றால் எல்லோருடைய வேகமும் குறைந்துவிடும் என்று பிள்ளைகள் ஆட்சேபிக்கிறார்கள் என்றும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பிள்ளைகளின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆயினும் அந்த வேகத்தை அதிகம் இழக்காமலே குரலைக் காப்பாற்றும் உபாயம் இருக்கிறது என்பதையும், அது எத்தனையோ வீடுகளில் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்பதையும் பற்றி எழுத வேண்டுமென்று எனக்கு நெடுநாளாகவே ஆசை உண்டு.

பேச்சுக்கு வேண்டியது வேகம் அன்று; காலந்தவறாமை. தொலைபேசி உலகில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஜி.711 என்னும் முறைப்படி குரலானது வினாடிக்கு 64 கிலோபிட்டாக எண் வடிவம் பெற்று, 20 மில்லி வினாடிக்கு ஒன்று வீதம் வினாடிக்கு 50 பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, ஒவ்வொன்றிலும் 160 பைட் குரலும் 40 பைட் விலாசக் குறிப்புகளுமாகப் புறப்படுகிறது. கூட்டிப் பார்த்தால் ஒரு திசைக்கு 80 கிலோபிட்தான். கைப்பேசிச் செயலிகள் கையாளும் புதிய முறைகளுக்கு அதைவிடவும் குறைவே போதும். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலைப்பின்னலில் டேனி கோஹன் முதலியோர் முதன்முதலாகப் பொட்டலங்களின் மூலம் பேசிக் காட்டியபோது, அவர்களுக்கு வாய்த்த கம்பிகள் வினாடிக்கு 50 கிலோபிட்டே கொண்டுசெல்லக் கூடியவை. அதைப்போல ஆயிரம் மடங்கு, இரண்டாயிரம் மடங்கு திறனுள்ள இணைப்பை வைத்துக்கொண்டு நாம் "கேட்கிறதா, கேட்கிறதா?" என்று கூவிக்கொண்டிருக்கிறோம் என்றால், குறை திறனில் இல்லை என்பது வெளிப்படை. வாய் சொன்னது காதைச் சேர 150 மில்லி வினாடிக்கு மேல் ஆகாதவரை உரையாடல் இயல்பாக நடக்கும் என்றும், 400-ஐத் தாண்டலாகாது என்றும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வரையறுத்திருக்கிறது. அளவுக்கு மீறிக் காலந்தாழ்ந்து வரும் குரல், வராத குரலுக்குச் சமானம். கேட்பவரின் கருவி அதை எறிந்துவிட்டு அந்த இடத்தை மௌனத்தாலோ ஊகித்த ஒலியாலோ நிரப்பிக்கொண்டு மேலே போய்விடுகிறது.

தாமதம் எங்கிருந்து வருகிறது? கோப்புகளைச் சுமக்கும் பொட்டலங்கள் பெரும்பாலும் 1500 பைட் அளவுடையவை. வினாடிக்கு ஒரு மெகாபிட் மட்டுமே மேலேறக்கூடிய பழைய தாமிரக் கம்பி இணைப்பில் அப்படிப்பட்ட ஒரு பொட்டலம் வெளியேற 12 மில்லி வினாடி ஆகும். இது பொறுக்கத்தக்கது. ஆனால் மோடத்துக்குள் 256 கிலோபைட் கொள்ளும் தேக்கம் இருந்து, அது நிரம்பியும் இருக்குமானால், அதன் கடைசியில் போய் நிற்கும் குரல் பொட்டலம் வெளியே வர ஏறக்குறைய இரண்டு வினாடி ஆகிவிடும். அதற்குள் கேட்டவர் இணைப்பு அறுந்ததென்று கருதி வைத்துவிடுவார்.

இவ்வளவு பெரிய தேக்கம் ஏன் வைத்தார்கள் என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1986-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அருகிலுள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, 400 கஜ தூரமே இருந்தும், வினாடிக்கு 32 கிலோபிட்டாக இருந்த போக்குவரத்து நெரிசலால் வெறும் 40 பிட்டாகச் சரிந்தது. அதன் காரணத்தை ஆராய்ந்த வான் ஜேகப்ஸன், அனுப்புகிற ஒவ்வொரு கணினியும் ஒரு பொட்டலம் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு தன் வேகத்தைத் தானே தணித்துக்கொள்ள வேண்டும் என்னும் ஏற்பாட்டை வகுத்தார். இணையம் இன்றுவரை நிலைத்திருப்பதற்கு அதுவே முக்கியமான காரணம். ஆகவே பொட்டலம் தொலைவது விபத்து மட்டுமன்று, அது ஒரு செய்தி. பிற்காலத்தில் நினைவகச் சில்லுகள் மலிந்தபோது, ஒரு பொட்டலமும் தொலையக்கூடாது என்ற நல்லெண்ணத்தால் கருவி செய்வோர் தேக்கங்களைப் பெருக்கிக்கொண்டே போனார்கள். விளைவு என்னவென்றால், அந்தச் செய்தி உரிய காலத்தில் அனுப்புகிறவரைச் சென்று சேரவில்லை. அவரோ ஒன்றும் தொலையாத காரணத்தால் மேலும் மேலும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். 2010-இல் ஜிம் கெட்டிஸ் என்னும் நிபுணர், தம் வீட்டு இணைப்பு பெரிய கோப்பு அனுப்பும்போதெல்லாம் முடங்குவதைக் கண்டு துருவிப் பார்த்து, இந்த வீக்கத்தை உலகறியச் செய்தார்.

இதில் எனக்கு எல்லாவற்றையும்விட அதிசயமாகத் தோன்றுவது, இந்த நோயை, அது உலகறிய வெளிப்படுவதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே ஒருவர் எழுதி வைத்திருந்தார் என்பதுதான். 1985-ஆம் ஆண்டில் ஜான் நேகிள் என்பவர், எல்லையற்ற நினைவகம் உடைய ஒரு கருவியைக் கற்பனை செய்துகொண்டு, அதில் நெரிசல் ஏற்பட்டால் என்ன ஆகும் என்று யோசித்தார். இடம் இல்லை என்ற குறையே அங்கே இல்லையாதலால் ஒரு பொட்டலமும் வீணாகாது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஓர் ஆயுட்காலம் உண்டு. முடிவில்லாமல் நீளும் வரிசையில் நின்று நின்று, வாசலை அடையும்போது ஒவ்வொன்றும் தன் ஆயுளை முடித்துக்கொண்டிருக்கும். ஆகவே எதையும் எறியாத அந்தக் கருவி இறுதியில் எல்லாவற்றையுமே இழந்துவிடும் என்று அவர் காட்டினார். அதற்குப் பரிகாரமாக அவர் சொன்னது, எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தாமல், அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரிசை வைத்து, முறை வைத்து ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பொட்டலம் எடுப்பது. எங்கள் ஊர்த் தபாலாபீசில் இருந்த போஸ்ட்மாஸ்டர் ஒருவர், கம்பெனிப் பையன் பை நிறையப் பதிவுத் தபால்களோடு ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும்போது, அவனுடைய ஓர் உறைக்கும் மறு உறைக்கும் நடுவே, பின்னால் நிற்கும் கிழவிக்கு ஒரு கார்டைக் கொடுத்தனுப்பிவிடுவார். பையனுக்கு அதனால் நஷ்டம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. கிழவியோ ஒரு மணி நேரம் காத்திராமல் வீட்டுக்குப் போய்விடுவாள்.

நேகிளின் யோசனை 2012-ஆம் ஆண்டில் புதுப் பிறவி எடுத்தது. அவ்வாண்டு காத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேகப்ஸனும் கோடெல் என்னும் விதியை வெளியிட்டார்கள். வரிசையில் எத்தனை பொட்டலம் நிற்கிறது என்பதை அது எண்ணுவதில்லை. ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நின்றது என்பதையே அளக்கிறது. காத்திருப்பு 5 மில்லி வினாடிக்குக் குறையாமல் 100 மில்லி வினாடிவரை தொடர்ந்து நீடித்தால், ஒரு பொட்டலத்தை எறிந்து, அனுப்புகிறவருக்கு அந்தப் பழைய செய்தியைச் சொல்லிவிடுகிறது. அதே ஆண்டில் எரிக் துமாசே அதனோடு தனித்தனி வரிசைகளையும் இணைத்து எஃப்கியூ-கோடெல் என்ற பெயரில் லினக்ஸில் சேர்த்தார். அதன் அழகெல்லாம் இதில் இருக்கிறது: புதிதாக வந்து, கொஞ்சமாகக் கேட்டு, உடனே ஒதுங்கிக்கொள்ளும் வரிசைக்கு அது தானாகவே முதலிடம் கொடுக்கிறது. வினாடிக்கு 50 சிறு பொட்டலங்களை மட்டுமே அனுப்பும் தொலைபேசி, இன்னார் என்று சொல்லிக்கொள்ளாமலே முன்னே போய்விடுகிறது. பேராசையோடு அனுப்பும் எந்தப் போக்குவரத்தும் அந்தச் சலுகையைப் பெற முடியாது. இணைப்பு மிகக் குறுகியதாகவும் கோப்பு ஏற்றுவோர் பலராகவும் இருந்தால் மட்டுமே இந்தச் சலுகை தளரக்கூடும். அப்போதும் குரலுக்கு அதன் நியாயமான பங்கு கிடைத்துவிடும்.

பொட்டலத்தின் நெற்றியிலேயே "அவசரம்" என்று குறி இடும் வழியும் உண்டு. குரலுக்கென்று 46 என்னும் எண்ணை ஒதுக்கியிருக்கிறார்கள். வீட்டுக்குள் ரவுட்டர் அதை மதிக்கும்படி அமைக்கலாம். வெளியே இணையத்தில் அந்தக் குறியைப் பலர் பொருட்படுத்துவதில்லை, சிலர் அழித்தும் விடுகிறார்கள். வீட்டிலுள்ள விளையாட்டு, சினிமா, பதிவிறக்கம் அனைத்தையும் "முதல் தரம்" என்று குறித்து வைத்துவிட்டுப் பலன் இல்லை என்று அங்கலாய்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். எல்லோரும் முதல்வராகிவிட்டால் முன்னுரிமை என்று எதுவும் மிஞ்சாது.

வேகம் குறையுமே என்ற ஆட்சேபத்துக்கு இப்போது வரலாம். வரிசையை ஆள வேண்டுமானால் வரிசை நம் ரவுட்டரில் உண்டாக வேண்டும். மோடத்திலோ கம்பெனியாரின் கருவியிலோ உண்டானால் அங்கே நம் அதிகாரம் செல்லாது. அதற்காக ரவுட்டரின் வேகத்தை, அளந்து கண்ட உண்மை வேகத்தில் 90 முதல் 95 சதவீதமாக வைக்க வேண்டும். இழப்பது அந்தச் சிறு விளிம்பு மட்டுமே. தொலைபேசிக்கென்று ஒரு பங்கை நிரந்தரமாக ஒதுக்கிவிடும் பழைய முறையில்தான் பேச்சில்லாத நேரத்திலும் அந்தப் பங்கு யாருக்கும் உதவாமல் வீணாகும். பிள்ளைகளின் பயம் பொருந்துவது அந்த முறைக்கே. நல்ல ஏற்பாட்டில் குரல் மௌனமாக இருக்கும்போது முழு இடமும் மற்றவர்களுக்கே சேரும். உண்மையில், தேக்கம் சுருங்கியதும் இணையப் பக்கங்கள் முன்னைவிடச் சுறுசுறுப்பாகத் திறப்பதை அந்தப் பிள்ளைகளே உணர்வார்கள்.

என் ஆதங்கம் வேறு. இந்த மருந்து விலையற்றது, மூடி வைக்கப்படாதது. டேவ் டேட் என்பவர் தம் வாழ்நாளில் பல வருஷங்களை இதற்கே அர்ப்பணித்து உழைத்தார். ஓபன்டபிள்யூஆர்டி என்ற பொது மென்பொருளில் எவரும் இதைப் பெறலாம். இதன் வாரிசாகிய கேக் என்னும் முறை 2018-இல் லினக்ஸிலேயே சேர்ந்துவிட்டது. இருந்தும் கடையில் விற்கும் பெட்டிகளில் பல இதை இன்னும் ஏற்கவில்லை, அல்லது எங்கோ ஒரு பக்கத்தில் அணைத்து வைத்திருக்கின்றன. விளம்பரத்தில் மெகாபிட் பெரிய எழுத்தில் நிற்கிறது; நெரிசலில் தாமதம் எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. வாங்குகிற நாமும் கேட்பதில்லை. முதியவர் ஒருவர் பேரக்குழந்தையின் குரலைத் தெளிவாகக் கேட்பது, ஒரு சினிமா இரண்டு நிமிஷம் முன்னதாக இறங்குவதைவிடச் சிறிய காரியமா?

செய்ய விரும்புவோர் முதலில் கணினியில் பிங் என்னும் கட்டளையை ஓடவிட்டு, அதே சமயம் ஒரு பெரிய கோப்பை ஏற்றிப் பார்க்க வேண்டும். 20 மில்லி வினாடியாக இருந்த விடை நூற்றுக்கணக்காக உயர்ந்தால் தேக்கமே குற்றவாளி. பிறகு ரவுட்டரின் கியூஓஎஸ் அல்லது எஸ்கியூஎம் பக்கத்தில் வரம்பை இட்டு, பிங் உயராதவரை அதைச் சிறிது சிறிதாக ஏற்றலாம். ஓர் எச்சரிக்கையும் உண்டு: இந்த வேலை ஒவ்வொரு பொட்டலத்தையும் ரவுட்டரின் செயலி வழியே செலுத்துகிறது, மலிவான பெட்டியின் செயலி நூற்றுக்கணக்கான மெகாபிட்டைத் தாங்காமல் திணறினால், அப்போது வேகம் மெய்யாகவே விழுந்துவிடும். அப்படிப்பட்ட பெட்டி வைத்திருப்பவர்கள் இறங்கு திசையைத் தொடாமல், ஏறு திசைக்கு மட்டும் வரம்பு வைத்தால் போதும்; ஏறு திசை குறுகிய இணைப்புகளில் நெரிசல் முதலில் அங்கேதான் உண்டாகிறது.