உப்புக் காற்றில் ஒரு பூட்டு

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேடம் கட்டிய பக்தர்கள் லட்சக்கணக்கில் வந்து கூடும் திருவிழா அது. அந்த நாட்களின் வியாபாரத்தை நம்பிச் சரக்கு வாங்கி வைத்திருக்கும் ஒரு கடைக்காரரை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் வந்து பூட்டில் சாவியைப் போடுகிறார். திரும்பவில்லை. இன்னும் பலமாகத் திருகுகிறார். சாவி முறிந்து பாதி உள்ளேயே நின்றுவிடுகிறது! இனி இரும்பு அறுக்கும் வாளைத் தேட வேண்டியதுதான். இத்தனைக்கும் திருடன் யாரும் அங்கே வரவில்லை. பூட்டைக் கெடுத்தது கடற்காற்று.

திண்டுக்கல் பூட்டை நீங்கள் பார்த்திருக்கலாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது. லீவர் வகைப் பூட்டுக்குள் சிறு தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கிறது. சரியான சாவி, ஒவ்வொரு தகட்டையும் அதற்கு உரிய உயரத்திற்குத் தூக்குகிறது. அப்போது தகடுகளில் உள்ள வெட்டுகள் ஒரே நேராக வந்து தாழுக்கு வழி விடுகின்றன. உயரம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் தாழ் நகராது. ராபர்ட் பாரன் என்ற ஆங்கிலேயர் 1778-இல் காப்புரிமை பெற்ற தத்துவம் இது. கள்ளச்சாவியைத் தடுப்பதும் இந்த நுட்பமே. துரு பிடித்தால் சொந்தக்காரரையே வெளியில் நிறுத்துவதும் இதே நுட்பம்தான். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரு மடங்குக்கும் மேலாகிறது. தகடுகளுக்கு இடையே உள்ள மெல்லிய இடைவெளிக்கு அது போதாதா?

சரி, உள்நாட்டில் பல ஆண்டு உழைக்கும் பூட்டு கடற்கரையில் ஏன் சீக்கிரம் கெடுகிறது? அலைகள் உடையும்போது நுண்ணிய நீர்த்திவலைகள் காற்றில் கலக்கின்றன. காற்று அவற்றைச் சுமந்து வந்து உப்பைச் சாவித் துவாரத்திற்குள்ளும் படிய வைக்கிறது. மழைக்காலத்தில் உங்கள் வீட்டு உப்பு ஜாடி கசிவதைக் கவனித்திருக்கிறீர்களா? காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். ஆகவே மழையே இல்லாத நாளிலும் பூட்டுக்குள் உப்புநீர்ப் படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். பித்தளையும் எஃகும் அந்தப் படலத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் சிறியதொரு மின்கலமே உருவாகிவிடுகிறது. அதில் அரிபடுவது எஃகு. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்துவரும் பொருள்களுள் இந்த அரிமானமும் ஒன்று.

பூட்டு இறுகினால் நாம் என்ன செய்கிறோம்? தேங்காய் எண்ணெயை ஊற்றுகிறோம்! ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு குவளையில் தேங்காய் எண்ணெய், இன்னொன்றில் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்குங்கள். தண்ணீரில் உப்பு மறைந்துவிடும். எண்ணெயிலோ அப்படியே அடியில் தங்கும். பூட்டுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. உப்பு போகாமல் எண்ணெய்க்கு அடியில் கிடக்கிறது. போதாக்குறைக்குத் தூசியும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

கழற்றக்கூடிய பூட்டானால், முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பிசுக்கை நீக்க வேண்டும். அடுப்புப் பக்கம் இந்த வேலை ஆகாது. மண்ணெண்ணெயில் உப்பு கரையாது என்பதால், அடுத்தது தண்ணீர். ஆம், பூட்டைத் தண்ணீரில் கழுவத்தான் சொல்கிறேன்! உவர்க் கிணற்று நீர் உதவாது. குடிக்கும் நல்ல தண்ணீரைச் சூடாக்கி, சாவியைத் திருப்பித் திருப்பி இரண்டு மூன்று முறை அலச வேண்டும். பிறகு துவாரம் கீழ்நோக்கி இருக்குமாறு நல்ல வெயிலில் முழுதும் உலர்த்த வேண்டும். ஈரம் துளியும் இல்லை என்றான பிறகே தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. வழிவதைத் துடைத்துவிடலாம். பென்சில் கரியைத் தூவும் வழக்கமும் உண்டு. வறண்ட ஊரில் அது நல்லதுதான். கடலோரத்திலோ, மின்சாரத்தைக் கடத்தும் அந்தக் கரியே எஃகை அரிக்கும் மின்கலத்திற்குத் துணைபோகக்கூடும்.

கடையிலுள்ள இரும்புப் பெட்டிக்கு இந்தக் குளியல் கூடாது. அதன் பூட்டைத் தேர்ந்த தொழிலாளியே திறந்து பார்க்க வேண்டும். நாம் செய்யக்கூடியது ஈரத்தைத் தடுப்பது. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், அடியில் கட்டை கொடுத்து வைக்கலாம். தீயைத் தாங்கும் பெட்டிகள் சிலவற்றின் சுவர்களுக்கு நடுவே, ஜிப்சத்தைப் போல நீரை அடக்கிய பொருளை நிரப்புகிறார்கள். ஜிப்சத்தின் எடையில் சுமார் 21 சதவீதம் நீர்! தீப்பிடித்தால் அந்த நீர் ஆவியாகி உள்ளே வெப்பம் ஏறுவதைத் தாமதப்படுத்தும். மற்ற நாட்களில் இத்தகைய பெட்டிக்குள் ஈரம் தேங்கினால் பத்திரங்கள் பூஞ்சை பிடிக்கும். மருந்துப் புட்டிகளில் வரும் சிலிகா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றை உள்ளே போட்டு வைத்து, அவ்வப்போது மாற்றிவந்தால் நல்லது.

மாற்றுச் சாவியை அதே பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேதியியலால் உதவ முடியாது! இன்னொன்று: தேய்ந்த சாவியைப் பார்த்துப் புதுச்சாவி வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே வரும். தகடுகள் உரிய உயரத்திற்கு எழா. பூட்டு வாங்கிய அன்றே ஒரு சாவியைத் தேயாமல் எடுத்து வைத்து, அதைப் பார்த்தே மற்றவற்றை வெட்டச் சொல்ல வேண்டும்.