சொல்லற்ற சித்திரங்கள்

சித்திரக்கதை சிறார்க்கே உரியது என்னும் எண்ணம் தமிழ் வாசகரிடையே வேரூன்றியுள்ளது. அதற்குக் காரணமும் உண்டு. 1972ஆம் ஆண்டு தோன்றிய முத்து காமிக்ஸும், 1984இல் அதனைத் தொடர்ந்த லயன் காமிக்ஸும் இரும்புக்கை மாயாவி முதலிய வீரர்களாலேயே புகழ்பெற்றன. பக்கந்தோறும் ஒரு துரத்தல், ஒரு துப்பாக்கி வெடி என்று பழகிய கண்ணுக்கு, ஒருவன் மழையில் நனைந்து வீடு திரும்புவதையே முழுக் கதையாகக் காட்டும் யப்பானிய நூல் வியப்பளிப்பது இயல்பே. ‘இதில் என்னதான் நிகழ்ந்தது?’ என்று அவ்வாசகர் வினவுவார்.

யப்பானியர் சித்திரக்கதையை மங்கா என்பர். அந்நாட்டிலும் அது முதலிற் சிறுவர் நூலாகவே பெரிதும் கருதப்பட்டது. 1957இல் தத்சுமி யொஷிஹிரோ என்பார், வளர்ந்தோர்க்கான தம் ஆக்கங்களைக் கெக்கிகா என வேறு பெயரிட்டு அழைத்தார். வறுமையும் தனிமையும் அவற்றின் பொருளாயின. 1964இல் தொடங்கிய காரோ என்னும் சஞ்சிகை இத்தகைய முயற்சிகளுக்கு இடமளித்தது.

பின்வந்தோருள் தனிகுச்சி ஜிரோ (1947–2017) தனித்து நோக்கற்பாலர். 1990ஆம் ஆண்டளவில் அவர் வரைந்த ‘நடக்கும் மனிதன்’ என்னும் நூலில் நடுவயதினன் ஒருவன் தன் ஊரைச் சுற்றி நடக்கிறான்; பறவையைப் பார்க்கிறான்; மரமேறுகிறான். உரையாடல் மிகச் சிலவே. இத்தகைய பக்கங்களின் இயல்பை ஸ்கொட் மக்கிளவுட் என்னும் அமெரிக்கர் 1993இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். மேனாட்டுக் கதைகளிற் கட்டத்துக்குக் கட்டம் பெரும்பாலும் ஒரு செயல் முன்னேறும். யப்பானியக் கதைகளிலோ காலம் அசையாது நிற்க, கண்மட்டும் ஓரிடத்தின் பல கூறுகளைச் சுற்றிவருவதும் உண்டு: கூரையில் வழியும் நீர், வாசலிற் கிடக்கும் செருப்பு, அணையாத விளக்கு. வீட்டில் ஒருவர் காத்திருக்கிறார் என்பதை வாசகனே உணர்ந்துகொள்ள வேண்டும். தொல்காப்பியம் கூறும் இறைச்சியை அறிந்தவர்க்கு இது முற்றும் புதிதன்று. நிலமும் மாவும் புள்ளும் மாந்தர் சொல்லாததைச் சொல்லும் மரபு நம்முடையது.

ஆயினும் ஓர் இடர் உண்டு. சொல்லில்லாத பக்கத்தைக் கண் நொடியிற் கடந்துவிடும். இருநூறு பக்கம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட, வாசகன் வெறுங்கையனாய் எழுவான். (வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டியிருத்தல் இதற்குச் சிறு தடையாய் அமைந்து நன்மையே செய்கிறது.)

அமைதி எவ்வளவு கனமுடையதாதல் கூடும் என்பதற்குக் கோனோ ஃபுமியோ என்னும் பெண்மணி 2003இலும் 2004இலும் வரைந்த ஹிரோஷிமாக் கதை சான்றாகும். அணுகுண்டு வீழ்ந்து பத்தாண்டின் பின், தான் உயிர் தப்பியதற்கே நாணி வாழும் இளம்பெண் ஒருத்தி கதிர்வீச்சு நோயாற் சாகிறாள். அவள் பார்வை அவிந்ததும் கட்டங்களிற் சித்திரம் மறைகிறது. வெற்றுக் கட்டத்துள் அவள் எண்ணங்கள் மட்டும் எழுத்தாய் நிற்கின்றன. குண்டின் கொடுமையைக் கூறிய சொற்பொழிவுகள் பல. அந்த வெள்ளைக் கட்டங்களுக்கு அவை ஈடாகா.

தனிகுச்சியின் ‘தொலைவிலுள்ள ஊர்’ (1998) நாவலப்பிட்டி வாசகர்க்கு வேறொரு வகையில் அணுக்கமானது. நாற்பத்தெட்டு வயதினன் ஒருவன் புகையிரதம் மாறியேறிப் பிறந்த ஊர் சேர்கிறான். தாயின் கல்லறையருகே மயங்கிப் பதினான்கு வயதுச் சிறுவனாய் விழிக்கிறான். அவ்வாண்டுதான் தந்தை குடும்பத்தைத் துறந்து சென்றார். அதனைத் தடுக்க மகன் முயல்கிறான். முடிவதில்லை.

புகையிரதம் 1874இல் நாவலப்பிட்டியை அடைந்தது. 1885இல் பாதை நானுஓயா வரை நீண்டது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டபின், அட்டனிலும் தலவாக்கலையிலும் ஏறியோர் இவ்வழியாகவே தலைமன்னார் சென்றனர். அவ்வண்டியை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். ஒரு குடும்பத்தில் அண்ணன் அக்கரைக்கும் தம்பி இக்கரைக்குமாகப் பிரிந்ததுண்டு. போகவேண்டாமென்று சொல்ல ஒருவர்க்கும் அதிகாரமிருக்கவில்லை. தந்தையைத் தடுக்க இயலாத அம்மகனின் பக்கங்களுக்கு வரும்போது, அக்குடும்பங்களில் வந்த வாசகர்க்கு விளக்கவுரை வேண்டுவதில்லை. கட்டம் சொல்லின்றி நிற்கும். வண்டி புறப்பட்டபின் மேடையில் நின்றவர்கள் என்ன பேசினார்கள் என்பதை அவர்கள் வீட்டிலும் எவரும் சொன்னதில்லை.