5 மாடு, மாசம் 57,000 ரூபாய்: பால் பண்ணை கணக்கு எங்கே இடிக்குது?

பெங்களூரு வேலையை விட்டுட்டு, ஊர்லயே 5 கறவை மாடு வாங்கிப் போட்டா என்ன? தருமபுரி மாவட்டம் கடத்தூர் பக்கம் சொந்த நிலமும் ஒரு போர்வெல்லும் இருந்தால், இந்த யோசனை வராமல் இருக்காது.

முதலில் எல்லோரும் போடும் கணக்கைப் பார்ப்போம். பசும்பாலுக்கான ஆவின் கொள்முதல் விலை 2022 நவம்பரில் 32 ரூபாயிலிருந்து 35 ஆனது. 2023 டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்தது. ஆக 38. மாட்டுக்கு 10 லிட்டர் என்றால், மாசம் 57,000 ரூபாய். கொழுப்பும் எஸ்.என்.எஃப். அளவும் குறைந்தால் இந்த விலையே கிடைக்காது என்பது தனிக்கதை.

இதில் அடர்தீவனம் எவ்வளவு? உடம்பைப் பராமரிக்க 2 கிலோ, பாலுக்கு லிட்டருக்கு 400 கிராம் வீதம் 4 கிலோ. கிலோ 30 ரூபாய் என்று வைத்தாலும், ஒரு மாடு தரும் 380 ரூபாயில் 180 தீவனத்துக்கே போய்விடும்.

மாடு வருஷம் பூரா கறக்காது

பெரிய சிக்கல் இதுதான். கன்று போட்டபின் சுமார் 10 மாதம் கறவை. அடுத்த ஈற்றுக்கு முந்தைய 2 மாதம் பாலை வற்றவிட வேண்டும். 5 மாட்டையும் ஒரே மாதத்தில், கன்று போட்ட கையோடு வாங்கினால், முதல் மாசம் கேன் நிரம்பும். 10 மாதம் கழித்து ஐந்தும் சேர்ந்து வற்றும். அப்போ பால் பணம் பூஜ்ஜியம். தீனிச் செலவும் லோன் இ.எம்.ஐ.யும் மட்டும் நிற்காது.

அதனால் மாடு எத்தனை என்பதைவிட, எது எப்போ கன்று போடும் என்பதுதான் பிளானிங். 13 மாதச் சுழற்சியில் 5 மாடு என்றால், சுமார் இரண்டரை மாதத்துக்கு ஒரு ஈற்று. அப்படி இடைவெளி விட்டு வாங்கினால், ஒரு நேரத்தில் ஒரு மாடுதான் வற்றியிருக்கும்.

இந்தச் சுழற்சி தப்பாமல் இருக்க, கன்று போட்ட 3 மாதத்துக்குள் சினை பிடிக்கணும். பருவ அறிகுறி ஒரு நாள்கூட முழுசா நீடிக்காது; பல மாடுகளுக்கு ராத்திரியில்தான் தெரியும். கவனிக்காமல் விட்டால் அடுத்த சினை ஊசிக்கு 21 நாள் காத்திருக்கணும். மாடுவாரியாகத் தேதி எழுத ஒரு நோட்டு போதும், ஆப் எதுவும் வேண்டாம்.

தீவனம் முதலில், மாடு பிறகு

மாட்டுக்குத் தினம் 25 கிலோ பசுந்தீவனம் என்றால், ஐந்துக்கும் வருஷத்துக்கு சுமார் 45 டன். கோ-4 கம்பு நேப்பியர் நல்ல பாசனத்தில் ஏக்கருக்கு சுமார் 150 டன் தரும். காகிதத்தில் 30 சென்ட் போதும். கோடையில் போர்வெல் தண்ணீர் குறையும் ஊரில் 60 சென்டாவது ஒதுக்குவதே நல்லது. முதல் அறுப்புக்கே 75 நாளுக்கு மேல் ஆகும் என்பதால், மாடு வாங்குவதற்கு முன்பே கரணை நட்டிருக்கணும். கோடைக்கு ராகித் தாள், சோளத்தட்டு போர் போட்டு வைப்பது இந்தப் பக்கத்தில் புதுசும் இல்லை.

கோமாரி தடுப்பூசி 6 மாதத்துக்கு ஒருமுறை, அரசு முகாம்களில் இலவசம். அந்தத் தேதியையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள்.