இழுக்கும் திறனும் தாங்கும் திறனும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், படுக்கையும் சமையலறையும் அமைந்த முகாம் வண்டியைச் சிறு லாரியின் பின்னே பூட்டிக்கொண்டு குடும்பத்துடன் நெடும்பயணம் செல்வது வழக்கம். லாரி 4,000 கிலோகிராம் இழுக்கவல்லது, வண்டியின் எடையோ 3,000 கிலோகிராமே, ஆதலின் அச்சமில்லை எனப் பலர் கருதுவர். இழுப்பது வேறு, தாங்குவது வேறு என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

முகாம் வண்டியின் எடை முழுவதையும் அதன் சக்கரங்களே சுமப்பதில்லை. நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை, முன்கோலின் வழியாக லாரியின்மீது இறங்குகிறது. ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். எரிபொருளுடன் லாரியின் எடை 2,500 கிலோகிராம். பளுவுடன் அதற்குரிய உச்ச எடை 3,200 எனக் கொள்வோம். ஏற்றத்தக்கது 700. பயணிகள் நால்வர் 300, சாமான்கள் 120, முன்கோலின் பளு நூற்றுக்கு 12 வீதம் 360, ஆக 780. இழுவையில் 1,000 கிலோகிராம் மிச்சமிருக்கும்போதே, தாங்கும் வரம்பு 80 கிலோகிராம் மீறப்பட்டுவிடுகிறது.

நெம்புகோல் விதியும் இங்கே செயற்படுகிறது. அச்சுகளின் இடைவெளி 3.75 மீட்டராகவும், பூட்டுமிடம் பின் அச்சுக்கு 1.25 மீட்டர் அப்பாலும் இருப்பின், அந்த 360 கிலோகிராம் பின் அச்சில் 480 ஆக அழுத்தும். முன் அச்சிலோ 120 குறையும். பின் டயர்களும் ஸ்பிரிங்குகளும் நலியும். முன் சக்கரங்களின் பிடிப்புக் குறைவதால், வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும் கடினமாகும்.

முன்கோலின் பளுவைக் குறைக்கக் கருதிச் சாமான்களை முகாம் வண்டியின் பின்புறம் தள்ளுவது பெருந்தவறு. பளு நூற்றுக்கு 10 பங்கிற்கும் குறைந்தால், வேகத்தில் வண்டி பக்கவாட்டில் ஊசலாடி, லாரியையும் கவிழ்த்துவிடக்கூடும். சுமையைக் குறைப்பதே தக்க வழி. 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தால் 200 கிலோகிராம் குறையும். ஆனால் தொட்டி இருக்குமிடத்தைப் பொறுத்து முன்கோலின் பளுவும் மாறுமாதலின், அதனை மீண்டும் அளத்தல் வேண்டும்.

லாரிக்குரிய உச்ச எடையும் ஒவ்வோர் அச்சின் வரம்பும் ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்ட தகட்டில் குறிக்கப்பட்டிருக்கும். பயணத்துக்கு ஆயத்தமான நிலையில், எடைமேடையில் அச்சு அச்சாக நிறுத்து, அவ்வெண்களுடன் ஒப்பிட்டபின் புறப்படுவதே முறை.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். ஓர் அளவுகோலை இரு பென்சில்களின்மேல் வைத்து, ஒரு முனை சற்று வெளியே நீளுமாறு செய்து, அம்முனையை விரலால் அழுத்தினால் மறுமுனை மேலெழும். ஜீப்பின் பின்னே சுமைவண்டி பூட்டிச் செல்லும் களப்பணியாளருக்கும் இவ்விதி பொருந்தும்.