பாகுப் பதமும் மலைப் பயணமும்

விடியற்காலையில் மஞ்சூரிலிருந்து கோவைக்குப் புறப்படும் பேருந்துக்காகக் காத்திருப்பவர்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். தேநீர்க் கடையில் ஆவி பறக்கிறது. ஆனால் பெண்கள் பலர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. தண்ணீரும் குடிப்பதில்லை. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கெத்தை, முள்ளி, வெள்ளியங்காடு வழியாகக் காரமடைக்கு இறங்கும் அந்தப் பாதையில் 43 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு; ஒதுங்குவதற்கு இடம் கிடையாது. கெத்தை அருகே யானைகள் சாலையை மறித்துக்கொண்டால், அவை மனம் வைத்து விலகும்வரை பேருந்து நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே வாயைக் காயப் போட்டுக்கொண்டு வண்டி ஏறுவது மலைமக்களின் பழக்கமாகிவிட்டது.

பெரும்பாலோருக்கு இதனால் ஒரு தலைவலிக்கு மேல் கேடு வருவதில்லை. ஆனால் அந்த வரிசையில் நிற்கும் யாரேனும் ஒருவருக்கு இதே பழக்கம் எலும்பை முறுக்கும் வலியாக மாறி, அடுத்த சில நாட்களை மருத்துவமனைக் கட்டிலில் கழிக்கச் செய்துவிடலாம். அவர் அரிவாள்செல் சோகை உடையவர். பிறவியிலேயே வந்து வாழ்நாள் முழுவதும் உடனிருக்கும் இரத்த நோய் இது.

இந்த நோயை நான் புத்தகத்தில் படித்திருந்தேன், மனிதரிடம் கண்டதில்லை. மஞ்சூருக்குக் கீழேயுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த மாணவன் ஒருவன் மூன்று மணி நேரச் செய்முறை வகுப்பில் மூன்று முறை வெளியே போக அனுமதி கேட்பான். மேசைமேல், கால்வனோமீட்டருக்குப் பக்கத்தில், தண்ணீர்ப் புட்டி வைத்திருப்பான். கருவி பாழாகிவிடும் என்று புட்டியை வெளியே வைக்கச் சொன்னேன். அடிக்கடி வெளியே போவதையும் கண்டித்தேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டான். அந்த வாரக் கடைசியில் மருத்துவமனையில் சேர்ந்தான். பத்து நாள் கழித்துச் சீட்டுடன் வந்து நின்றபோது, "எனக்குத் தண்ணீர்தான் சார் பாதி மருந்து" என்றான். கருவியைக் காப்பாற்றிய நான் அன்றுதான் இந்த நோயின் இயற்பியலைப் படிக்கத் தொடங்கினேன். நான் மருத்துவன் அல்லன். ஆனால் நோயாளிக்கு மருத்துவர் சொல்லும் அன்றாட விதிகள் பலவும் இயற்பியல் விதிகளே என்பதை இப்போது அறிவேன்.

நம் இரத்தத்தின் சிவப்பணு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு, உடலெங்கும் இறக்கிவிட்டு வருவதே இவற்றின் வேலை. இந்த நோய் மூலக்கூற்றில் நேர்ந்த பிழை என்பதை 1949-இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் காட்டினர். பிழை எந்த இடத்தில் என்பதைச் சில ஆண்டுகளில் வெர்னான் இங்கிராம் கண்டுபிடித்தார். 146 அமினோ அமிலங்கள் கோத்த பீட்டாச் சங்கிலியில் ஆறாவது மணி மட்டும் மாறியிருக்கிறது. குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலைன் இருக்கிறது. முன்னது தண்ணீரோடு உறவாடும். பின்னது தண்ணீரைக் கண்டு ஒதுங்கும். ஆக்சிஜனைச் சுமந்திருக்கும்வரை இதனால் தொல்லையில்லை. இறக்கியவுடன் மூலக்கூறின் வடிவம் சற்றே மாறுகிறது; அப்போது அந்த வேலைன், பக்கத்து மூலக்கூறில் உள்ள ஒரு குழியில் கச்சிதமாகப் பொருந்திக்கொள்கிறது. ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. மெத்தென்றிருந்த சிவப்பணு விறைத்து, கதிர் அரிவாள்போல் வளைகிறது. தந்துகிகள் நம் சிவப்பணுவின் அகலத்தைவிடவும் குறுகலானவை. நல்ல அணு மடங்கி நெளிந்து நுழைந்துவிடும். விறைத்த அணு சிக்கிக்கொள்ளும். அதற்குப் பின்னால் வருவனவும் நிற்கும். அப்பால் உள்ள திசு ஆக்சிஜன் இல்லாமல் துடிக்கும். அதுதான் அந்த வலி.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இரத்தம் ஆக்சிஜனை இறக்கத்தானே செய்கிறது? அப்படியானால் இந்நோயாளிக்கு ஒவ்வொரு நிமிடமும் வலி இருக்க வேண்டுமே? ஏன் இல்லை?

விடை உங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. இனிப்புக்குச் சர்க்கரைப் பாகு காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். பாகு தெளிவாகவே இருக்கும்; வெகுநேரம் ஒன்றும் நடக்காது. பிறகு எங்கோ ஓரத்தில் ஒரு சிறு பூத்தல். அடுத்த கணம் பாகு முழுவதும் சர்க்கரையாகிவிடும். அரிவாள் ஹீமோகுளோபினும் இப்படித்தான். ஆக்சிஜன் போனவுடன் அது உறைவதில்லை. முதலில் சில மூலக்கூறுகள் கூடி ஒரு சிறு கரு உண்டாக வேண்டும். அதுவரை தாமதம், கரு தோன்றியபின் உறைதல் மளமளவென்று நடக்கும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ஹாஃப்ரிக்டர், ராஸ், ஈட்டன் ஆகிய மூவர் 1974-இல் இந்தத் தாமத நேரத்தை அளந்தனர். கிடைத்த முடிவு வியப்பூட்டுவது. ஹீமோகுளோபினின் செறிவு கூடக் கூட இந்த நேரம் குறைகிறது. அது சாதாரணக் குறைவு அன்று. செறிவின் சுமார் 30-ஆவது அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது!

பள்ளியில் நாம் சந்திக்கும் விதிகளில் இரண்டாம் அடுக்கு உண்டு, நான்காம் அடுக்கு உண்டு. முப்பதாம் அடுக்கு எங்கே பார்த்தோம்? காகிதத்தை எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். 1.01-ஐ முப்பது முறை பெருக்கினால் 1.35. 1.05-ஐ முப்பது முறை பெருக்கினால் 4.3. அதாவது சிவப்பணு சிறிது தண்ணீரை இழந்து செறிவு 5 சதவீதம் ஏறினால் தாமத நேரம் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பாகில் ஒரு கரண்டித் தண்ணீர் குறைந்தாலும் பதம் தப்பிவிடும் என்று பாட்டி சொல்வதும் ஏறக்குறைய இதையே.

ஆக, நோயாளியின் உடலில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று, உறைவதற்கு ஆகும் நேரம். மற்றொன்று பயண நேரம்: சிவப்பணு ஒரு தந்துகியைக் கடக்கச் சுமார் ஒரு விநாடி, சிரைகள் வழியே நுரையீரலுக்குத் திரும்பச் சுமார் 15 விநாடி. உறைவதற்குள் நுரையீரலை அடைந்துவிட்டால் ஆக்சிஜன் ஏறி அணு தப்பிவிடும். வழியில், அகன்ற சிரையில், உறைந்தாலும் பெரும்பாலும் பிழைத்துப் போகும். தந்துகிக்குள்ளேயே உறைந்தால்தான் ஆபத்து. நோயாளியின் நாள் நன்றாகக் கழிவதும் கெடுவதும் இந்தப் பந்தயத்தில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்தது.

இப்போது பேருந்து நிலையத்துக்குத் திரும்பி வருவோம். தண்ணீர் குடியாமல் ஏறும் பயணி முதல் கடிகாரத்தைத் தாமே விரைவுபடுத்திக்கொள்கிறார். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. சிறுநீரகத்தின் உட்பகுதி ஆக்சிஜன் குறைவாகவும் உப்பு மிகுதியாகவும் உள்ள இடம். அரிவாள் அணுக்கள் முதலில் சிக்குவது அங்கேதான். ஆகவே இளம் வயதிலேயே சிறுநீரைச் செறிவாக்கித் தண்ணீரை மிச்சம் பிடிக்கும் திறன் போய்விடுகிறது. நாமெல்லாம் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் குறைந்து மஞ்சளாகும். இவர்களுக்குக் குடிக்காவிட்டாலும் வெளியேறிக்கொண்டே இருக்கும். நிறமும் வெளுத்தே இருக்கும். "மஞ்சளாகப் போனால் தண்ணீர் குடி" என்ற பொது அறிவுரை இவர்களுக்கு உதவாது. என் மாணவன் அடிக்கடி வெளியே போனது சோம்பலால் அன்று, சிறுநீரகத்தால். பேருந்துப் பயணத்தில் இவருக்கு வேண்டியது ஒரு புட்டித் தண்ணீரும், கேட்ட இடத்தில் வண்டியை நிறுத்தும் நடத்துநரும். முதலாவதை வாங்கிவிடலாம்.

அடுத்தது குளிர். மஞ்சூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் நீலகிரியின் பள்ளங்களில் உறைபனி விழும். இக்காலத்தில் நோயாளிகளுக்கு வலி மிகுவது வழக்கம். இதிலே ஒரு வேடிக்கை! இனிப்புப் பாகு ஆறினால் இறுகும். அரிவாள் ஹீமோகுளோபினோ நேர்மாறானது: சோதனைக் குழாயில் அதைக் குளிர்வித்தால் உறைந்தது இளகிவிடுகிறது. அப்படிப் பார்த்தால் குளிர் நன்மை அல்லவா செய்ய வேண்டும்? குளிர் தொடுவது முதல் கடிகாரத்தை அன்று, இரண்டாவதை. வெப்பத்தைக் காப்பதற்காக உடல் தோலுக்குச் செல்லும் சிறு தமனிகளைச் சுருக்கிவிடுகிறது. குழாயின் ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், பாய்சுவேய் விதிப்படி, பாய்வு 0.9-இன் நான்காம் அடுக்கு அளவுக்கு, அதாவது மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைகிறது. கெத்தை மின்நிலையத்துக்கு இறங்கும் குழாய்களை ஏன் அத்தனை பெரிதாகப் போட்டார்கள் என்று கேட்கும் குழந்தைகளுக்கும் குழாய் குறுகினால் பாய்வு என்னாகும் என்பதிலிருந்தே விடை சொல்லத் தொடங்கலாம். பாய்வு குறைந்தால் அணு தந்துகியில் தங்கும் நேரம் கூடுகிறது. பந்தயத்தில் உறைதல் முந்திக்கொள்கிறது.

குளிரைவிட ஈரம் கெட்டது. தென்மேற்குப் பருவமழையில் நனைந்த ஸ்வெட்டரோடு வீடு திரும்புவது இங்கே சாதாரணம். அதிலிருந்து 100 கிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 58 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அவ்வளவும் உடலிலிருந்தே போனால் 60 கிலோ எடையுள்ள ஒருவரின் வெப்பநிலையை ஒரு டிகிரிக்கும் சற்று மேலாகக் குறைக்கப் போதும். எனவே பையில் கனமான கம்பளியைவிட, உலர்ந்த மாற்றுச் சட்டை ஒன்று இருப்பது பயன் தரும். குளிர்ந்த ஓடையில் திடீரென்று இறங்கிக் குளிப்பதையும் இவர்கள் தவிர்க்கத்தான் வேண்டும்.

மூன்றாவது உயரம். மஞ்சூரில் காற்றழுத்தம் சுமார் 600 மில்லிமீட்டர் பாதரசம். ஒவ்வொரு மூச்சிலும் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைவு. சும்மா இருக்கையில் நல்ல உடல்நிலை உள்ளவர்களின் இரத்தத்தில் இது பெரிய மாற்றம் செய்வதில்லை. அரிவாள் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சற்று எளிதாகக் கைவிடுவது; தவிரவும் நோயாளியின் சிவப்பணு 120 நாள் வாழ வேண்டியது, 10 முதல் 20 நாளிலேயே அழிந்துவிடுவதால் சோகை எப்போதும் இருக்கும். ஆகவே ஏற்றத்தில் அவருக்குத்தான் முதலில் மூச்சு வாங்கும். மலைவாசியின் நடையில் ஒரு கோளாறு உண்டு: ஊரிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போகும்போது இறக்கம், களைத்துத் திரும்பும்போது ஏற்றம். மேலேறும்போது, மூச்சு வாங்குவதற்கு முன்பாகவே, நின்று நின்று போவதுதான் வழி. விளையாட்டே கூடாது என்பது சரியன்று. மாற்று ஆட்டக்காரரோடு முறை வைத்துப் பந்தாடலாம். மூச்சு முட்ட ஓடும் போட்டி ஓட்டம் வேண்டாம். என் மாணவன் பறவை பார்க்கப் பழகிக்கொண்டான். நின்று நிதானித்துச் செய்யும் வேலை, அவனுக்குப் பொருத்தம். ஒரே சங்கடம், நீலகிரிச் சிரிப்பான்கள் கூச்சலிடும் பனிக்காலை ஆறு மணி அவனுக்கு ஆகாது. வெயில் ஏறி எட்டு மணிக்குத்தான் போவான். பாதிப் பறவைகள் போயிருக்கும் என்று குறைப்படுவான்.

இந்த நோய் நீலகிரிக்கு எப்படி வந்தது என்றும் கேட்பீர்கள். இந்தியாவில் அரிவாள் அணுவை முதன்முதலில் கண்டதே இந்த மலையில்தான். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களின் இரத்தத்தில் இதைக் கண்டு வெளியிட்டனர். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பிழை வந்தவருக்கு நோய் இல்லை. அவருக்குக் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கிறது. மலேரியா மலிந்திருந்த அடிவாரக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக இந்தப் பிழை நிலைத்தது அதனால்தான். இருவரிடமிருந்தும் வந்தால் நோய். கொசுவுக்கு எதிராகக் கீழே உதவிய கவசம், குளிரும் உயரமும் உள்ள மேலே சுமையாகிறது. கோத்தகிரியில் டாக்டர் எஸ். நரசிம்மன் 1958-இல் தொடங்கிய நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும், கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் இந்நோயாளிகளுக்காக உழைத்து வந்துள்ளன. 2023 ஜூலையில் நடுவண் அரசு தேசிய அளவில் ஒழிப்புத் திட்டம் ஒன்றையும் தொடங்கியது. மருந்தும் உண்டு: ஹைட்ராக்சியூரியா. வலியின் தாக்குதல்களை இது குறைப்பதை 1995-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. கருவில் இருக்கும்போது நமக்கிருந்த ஹீமோகுளோபினை இது மீண்டும் சுரக்கச் செய்கிறது. அது இழைகளில் சேராமல் பாகை நீர்த்துவைக்கிறது. ஆனால் மருத்துவர் மேற்பார்வையும் இரத்தப் பரிசோதனையும் இல்லாமல் உட்கொள்ளக் கூடாது. காய்ச்சலோ நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனை போக வேண்டும்.

அண்மையில் அந்த மாணவன் ஒரு சந்தேகம் கேட்டான். தில்லியில் ஒரு நேர்முகத் தேர்வு, விமானத்தில் போகலாமா? விமானம் 10,000 மீட்டருக்கு மேல் பறந்தாலும், உள்ளே அழுத்தத்தை 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக வைத்திருக்கிறார்கள். "மஞ்சூரில் நீ தினமும் தூங்குவதே ஏறத்தாழ அந்த உயரத்தில்தான்" என்றேன். சமவெளியிலேயே வாழும் நோயாளிக்கு இதே விடையைச் சொல்ல மாட்டேன். அவனையும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். விமானக் காற்று மிக உலர்ந்தது. மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். சோதனைச் சாவடியில் தண்ணீர்ப் புட்டியைக் காலி செய்யச் சொல்லக்கூடும். "உள்ளே போனதும் முதலில் அதை நிரப்பிக்கொள். கழிப்பறைப் பக்கத்து இருக்கையாகக் கேள்" என்றேன். "இந்த வண்டியிலாவது ஒதுங்க இடம் இருக்கிறதே சார்" என்று சிரித்தான்.